விரலளவுப் பெரணி

அன்புள்ள கனகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேரனின் மொட்டைத் தலைப் படத்தை இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகன் வீட்டில் எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாய். போன வாரம் சதுப்பு நிலத்தில் மண்டியிட்டுக் கிடந்தேன்! தாவரவியல் வகுப்பில் நமக்கு ஒரு வரியோடு கடந்துபோன கர்லி கிராஸ் பெரணியை, அதாவது ஸ்கைசியா புசில்லாவை, நேரில் பார்த்துவிட்டேன்.

இங்கே அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தின் தெற்கில் பைன் பேரன்ஸ் என்றொரு மணற்காடு இருக்கிறது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல். மண்ணில் சத்தே கிடையாது. பழைய குடியேறிகள் உழுது பார்த்துவிட்டுக் கைவிட்ட நிலம். அதனால்தான் காடு தப்பியது என்பேன். 1978இல் அரசு அதைத் தேசியக் காப்பு நிலமாக அறிவித்தது. ஓடைகளில் தண்ணீர் பழுப்பு நிறம்: இலைகளிலிருந்து ஊறும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் கலந்தது. அந்த இரும்பை உருக்கித்தான் பேட்ஸ்டோ என்ற ஊரில் அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பீரங்கிக் குண்டு வார்த்திருக்கிறார்கள்.

எங்களை அழைத்துப்போன முதிய பெண்மணி கறாரானவர். உண்ணிக்குப் பயந்து காற்சட்டையைக் காலுறைக்குள் செருகச் சொன்னார். "பெரணியைத் தேடாதீர்கள், அதன் அக்கம்பக்கத்தைத் தேடுங்கள்" என்றார். வெள்ளை சீடார் மரத்தின் அடி, தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும் மேடு, அதில் ஸ்பாக்னம் பாசி, பாசிக்கு நடுவே பூச்சி தின்னும் பனிப்பூண்டு. இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்தால் அங்கே குனியலாம். ஸ்பாக்னம் தண்ணீரிலுள்ள தாதுக்களை இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது, தண்ணீர் அமிலமாகிப் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் எதுவும் எளிதில் மக்குவதில்லை, சத்தும் சேர்வதில்லை. கொழுத்து வளரும் செடிகள் அண்டாத அந்த இடம்தான் இந்தக் குட்டிக்குப் பாதுகாப்பு.

குனிந்தேன், ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த கோரை என்று நான் ஒதுக்க இருந்ததை அவர் குச்சியால் காட்டினார். நூல் போன்ற இலைகள், சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே விரல் உயரத்துக்கு நிமிர்ந்த காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பொம்மைக்கு வாங்கிய சீப்புப் போல ஒரு சிறு அமைப்பு. வித்துகள் உருவாகும் பைகளான வித்தகங்கள் அதில்தான். ஒன்றைக் கண்டுகொண்டதும் சுற்றிலும் நூறு தெரிந்தன என்று எழுத ஆசைதான். அந்த ஒரே திட்டோடு சரி. படம் எடுத்தேன், அதில் பாசி மட்டும்தான் பிரமாதமாக விழுந்திருக்கிறது.

1805இல் குவேக்கர் பிரிட்ஜ் அருகே இதை முதலில் சேகரித்திருக்கிறார்கள். 1814இல் பர்ஷ் என்ற தாவரவியலாளர் தன் நூலில் விவரித்தார். இந்தக் கண்ணுக்குத் தெரியாததை அந்தக் காலத்தில் யார் குனிந்து பார்த்தார்களோ! உனக்குப் பிடிக்கும் செய்தி இன்னொன்று: பெரணியின் வித்து முளைத்ததும் முதலில் வரும் இதய வடிவப் புரோதாலஸை ரெக்கார்டு நோட்டில் வரைந்து வரைந்து அழித்தோமே, இதற்கு அது கிடையாது. இதன் பாலணுத் தாவரம், அதாவது அந்த முதல் கட்டச் செடி, பச்சைப் பாசி இழை மாதிரிதான் இருக்கும், உள்ளே ஒரு பூஞ்சையும் குடியிருக்கும். நியூஜெர்சியை விட்டால் லாங் ஐலண்டு, நோவா ஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்து என்று வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கிறது. சொந்தங்கள் பெரும்பாலும் வெப்ப நாடுகளில். இது மட்டும் ஏன் பனிக்குள் போய் உட்கார்ந்ததோ!

இடத்தை யாரிடமும் துல்லியமாகச் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. சதுப்பில் வண்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் கிளறிப்போட்ட சேற்றை வழியெல்லாம் பார்த்தேன்.

இதன் உறவான ஸ்கைசியா டிஜிடாட்டா நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அதுவும் புல்லாகத்தான் தோன்றும். முழங்கால் இடம்கொடுத்தால், மழை விட்டபின் உன் பழைய மாணவர்களோடு போய்த் தேடு. நான் தை மாதம் வருகிறேன், அதற்குள் கண்டுபிடித்து வை.

அன்புடன்,
வசந்தா