அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு கல்விப் பக்கத்தில், "மூளை ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் எல்லாம் கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்" என்று ஒரு வரி வந்திருந்தது. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் அந்த வரியோடு பத்திரிகையை மடித்து வைத்த பிள்ளைகள் இருப்பார்கள். நினைக்க மனம் கொதிக்கிறது.

உண்மை நேர்மாறானது. ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு வரும் சம்பள வேலை. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள டொண்டர்ஸ் மூளை ஆய்வு நிறுவனத்தில் அது வழக்கமாக நான்கு வருடம். அமெரிக்காவில் பெரும்பாலான நரம்பறிவியல் துறைகள் கற்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கின்றன. நான்கு வருட இளமாணியோடு நேரே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அநேகமாக முதுமாணி கேட்பார்கள். அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் இருக்கிறது: கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ.

இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. ஆனாலும் அமெரிக்க விண்ணப்பங்கள் பல டிசெம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிட, உங்கள் அறிவித்தல் தை பிறந்த பிறகுதான் வருகிறது. அறிகை நரம்பறிவியல் (நினைவு, கவனம் போன்றவை மூளையில் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் துறை) என்று எழுதி நரம்பு வைத்தியரின் படத்தைப் போடுகிறீர்கள். கணிதப் பிரிவுப் பிள்ளை தனக்கில்லை என்று விட்டுவிடுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் மாணவர் படிக்கும் சமிக்ஞைப் பாடம் இந்தத் துறைக்கு அப்படியே வேண்டியது. போதாததற்குக் கட்டுரையின் காலடியிலேயே வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் முகவர் விளம்பரம். சம்பளத்தோடு கூடிய ஆய்விடத்தை எந்த முகவரும் எடுத்துத் தர முடியாது. தெரிவு செய்பவர்கள் பேராசிரியர்கள். முகவருக்குப் போகும் காசு எங்கள் சனம் நகையை அடகு வைத்துக் கட்டும் காசு.

நீங்கள் எழுத வேண்டியிருந்தது வேறு. ஓப்பன்நியூரோ என்னும் இணையத்தளத்தில் மூளையின் மின் அலைப் பதிவுகள் (ஈஈஜி) இலவசம். ஒருவருடைய பதிவை இறக்கினாலே பழகப் போதும். அவற்றை அலசப் பைதன் என்னும் நிரல்மொழியில் இயங்கும் எம்என்இ மென்பொருளும் இலவசம். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, இடையில் வேறொரு ஒலியை அரிதாகக் கொடுத்த பதிவொன்றில், மின்விநியோகத்தால் வரும் இரைச்சலை வடிகட்டி, கண் சிமிட்டல்களை நீக்கி, அந்த அரிதான ஒலிக்குரிய துண்டுகளை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒலி கேட்டு ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில் ஒரு மேடு எழும். ஒரேயொரு துண்டைப் பார்த்தால் அது இரைச்சலுக்குள் மறைந்துவிடும். சொந்தக் கையால் எடுத்த அந்த வரைபடம், "சிறு வயது முதல் மூளை மீது ஆர்வம்" என்று தொடங்கும் நோக்கக் கடிதத்தைவிடப் பலமடங்கு பெறுமதியானது.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. எங்கள் பிள்ளைகள் விழுவது இங்கேதான். கடைசிக் கிழமையில், "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" என்று நான்கு வரி போகும். மாணவர் என்ன செய்தார், எங்கே சிக்கினார், எப்படி வெளியே வந்தார் என்று சொல்லாத கடிதத்தால் பயனில்லை. கடிதத்தை ஏற்றுவதற்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு விரிவுரையாளரின் குப்பை அஞ்சலுக்குள் கிடந்தே திகதி கடந்துவிடும். ஆறு கிழமைக்கு முன்னரே சொல்லி, அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டண விலக்கையும் சமர்ப்பிக்க முன்னரே கேட்க வேண்டும். கட்டிய காசு பெரும்பாலும் திரும்பாது.

கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம். ஆவணி மாதத்தில் முடிவுத் திகதிகளோடு அரைப் பக்கம். அந்தப் பக்கத்தில் முகவர் விளம்பரம் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
மாங்குளம்