பாறையை நீக்கினால் முழுவதும் நீக்குங்கள்: விளையாட்டுத் தயாரிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ரயில் சிமுலேஷன் விளையாட்டின் புதிய பதிப்பில் பாறைகளும் மரங்களும் என்ன பாடு படுத்துகின்றன என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நானே மூன்று முறை எழுதிவிட்டேன். புல்டோசரால் அழித்த பாறை கண்ணுக்கு மறைகிறது. அதன் உடல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. வெறும் புல்தரையில் தண்டவாளம் போடப் போனால் ‘இந்த இடத்தில் தடை உள்ளது’ என்று சிவப்பு எழுத்து வருகிறது. சேமித்துவிட்டு மறுபடி திறந்தால், அழித்த பாறைகளே பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எட்டு மாதங்களாக நான் நீலகிரி மலை ரயில் பாதையை உங்கள் விளையாட்டுக்குள் கட்டி வருகிறேன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த உயரத் தரவுகளைக் கொண்டுதான் மலையை எழுப்பினேன். அந்தத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 30 மீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள சரிவில் 30 மீட்டருக்குள் ஓர் ஓடையும் அதன் பாலமும் அடங்கிவிடும். ஆகவே இடைவெளி முழுவதையும் கையால் செதுக்கினேன். ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டம் இல்லாவிட்டால் எஞ்சின் ஏறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். இவற்றில் குன்னூருக்கு முன்னால் வரும் ரன்னிமேடு நிலையம் வரை முடித்திருந்தேன்.

என் தந்தை அந்தப் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையானால் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்வார். எந்தக் குகையின் வாயில் மழைக்காலத்தில் ஒழுகும், எந்தப் பாலத்தின் கீழே கோடையிலும் தண்ணீர் வற்றாது, எந்த வளைவில் நடந்தால் யானைச் சாணம் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எந்த வரைபடத்திலும் கிடைக்காத செய்திகள் இவை. அவர் சொல்லச் சொல்ல, பாதையில் இருந்த பாறைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தேன்.

புதிய பதிப்பு நிறுவப்பட்ட அன்று மாலை கோப்பைத் திறந்தோம். ஹில்குரோவுக்கும் ரன்னிமேட்டுக்கும் இடையே நான் நீக்கிய பாறைகளெல்லாம் தண்டவாளத்தின் மேல் நின்றன. ஒரு குகை வாயிலை ஆளுயரப் பாறை அடைத்திருந்தது. அழித்தேன், மறைந்தது, ரயிலை விட்டேன், ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது. நிலத்தைத் தாழ்த்தினேன். பாறையின் கண்ணுக்குத் தெரியாத உடல் அந்தரத்தில் நின்றது. பக்கத்து மரங்களும் வேர் தரையைத் தொடாமல் தொங்கின.

அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பாறை விழுந்தால் கடப்பாரை போட்டு நெம்பி உருட்டிவிடுவோம். அசையாவிட்டால் வெடி வைப்போம். வழி கிடைத்ததும் வண்டி ஓடும். இது எப்போது ஓடும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போடுவதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். பாறையை நீக்கினால் முழுவதும் நீக்குங்கள். அதன் உருவம், மோதலைக் கணக்கிடும் உடல், சேமிப்புக் கோப்பில் உள்ள பதிவு ஆகிய மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். உங்கள் நிலம் உயர வரைபடத்தால் ஆனது. ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் உயரம்தான் இருக்க முடியும். குகை வேண்டுமென்றால் அந்த நிலத்தில் துளை வெட்டியாக வேண்டும். வெட்டும் இடத்தில் பாறையின் மிச்சம் இருந்தால் துளை விழுவதில்லை. தண்டவாளத்தின் நடுவே நிலம் ஊசிபோல் எழுகிறது. 16 குகைகள் உள்ள பாதையை இப்படி எப்படிக் கட்டுவது?

என் கடிதங்களுக்கு வந்த பதில், வரைகலை டிரைவரைப் புதுப்பியுங்கள், மோட்களை (விளையாட்டில் பிறர் செய்து சேர்க்கும் மாற்றங்களை) நீக்குங்கள் என்பது. இரண்டையும் செய்தேன். மோட் எதுவும் இல்லாத புதிய வரைபடம், அதில் ஒரே ஒரு பாறை. அழித்து, சேமித்து, திறந்தேன். பத்து முறையும் பாறை திரும்பி வந்தது. இதையும் எழுதி அனுப்பினேன். மறுபடியும் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியே பதில் வந்தது. என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்று நான் நினைத்தால் அது தவறா?

1994இல் கிறிஸ் சாயர் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற கணினி விளையாட்டில் மரத்தையும் பாறை நிலத்தையும் பணம் கட்டி அகற்றலாம். அகற்றிய இடத்தில் தண்டவாளம் போடலாம். அன்றைய கணினியில் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? இதே மாதத்தில் புதிய நிலையக் கட்டடங்களின் தொகுப்பைத் தனி விலைக்கு விற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். தரை சரியில்லாத இடத்தில் அந்த நிலையங்களை எங்கே வைப்பது? முழு விலை கொடுத்து வாங்கியவர்களைச் சோதனை ஆட்களாக நடத்தும் வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றிவிட்டது. அதைப் பொறுத்துப் பொறுத்து எங்களுக்கும் அலுத்துவிட்டது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். இவ்வளவு நுணுக்கமாக ரயிலை ஓட்டிக் காட்டும் வேறொரு விளையாட்டு எனக்குத் தெரியாது. அதனால்தான் விட்டுப் போக மனமில்லாமல் எழுதுகிறேன். பாறையை நீக்கினால் முழுவதும் நீங்கும்படி அன்புகூர்ந்து திருத்துங்கள். அந்தத் திருத்தம் புதிய வரைபடங்களுக்கு மட்டுமல்லாமல், ஏற்கெனவே பழுதான கோப்புகளில் கிடக்கும் மிச்சங்களையும் துடைக்க வேண்டும். அது தயாராகும் வரை முந்தைய பதிப்புக்குத் திரும்பிச் செல்ல வழி விடுங்கள்.

பழுதடைந்த கோப்பை அப்படியே வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ரன்னிமேட்டில் நின்றுபோன பாதையின் சொந்தக்காரன்