பாறைக்காட்டு மூட்டைகள்

ஏற்காடு,
ஜனவரி 24

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். பழம் பறித்து முடித்தாயிற்று. கடைசிச் சுற்றுக் காபி களத்தில் காய்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். பனியில் மூக்கு சிவந்து, கையில் கத்தரியோடு நிற்கிறாய். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரைத் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்ய ஏற்காட்டிலிருந்துதான் ஆள் போக வேண்டுமா என்று உன் அம்மா கேட்கிறாள். இங்கே மிளகு பறிக்கக் கூப்பிட்டால் முதுகு வலிக்கிறது என்பாயாம், அதையும் எழுதச் சொன்னாள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ கொண்டுவந்து வைத்த ஒயின் பாட்டிலைத் திறந்துவிட்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய துண்டில் சுற்றி ஒளித்திருந்தாள் உன் அம்மா. பொங்கல் முடிந்து அவள் சேலத்தில் உன் சித்தி வீட்டுக்குப் போன நாளில், ஒரு மர ஆணியைக் கார்க்கில் திருகி, குறடால் பிடுங்கினேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை! கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போனேன். நல்லவேளை, நீ போனை எடுத்தாய். ரீஸ்லிங் திராட்சை ஒயினுக்கு வயதானால் அந்த வாசம் உண்டு என்று நீ சிரித்த பிறகுதான் அரை டம்ளர் ஊற்றினேன். முதலில் நம்மூர்ப் பேரிக்காய், பிறகு எலுமிச்சைத் தோல், அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு புளிப்பு. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. ஊரில் நல்லது கெட்டதுக்குக் குடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து இந்த வாசனையே ஆகாது என்றிருந்தவன் நான். இது வேறு சாதி.

பாட்டிலில் போட்டிருப்பது ஒரே ஒரு மலைச்சரிவின் பெயர் என்றாய். நூற்றுக்கு 85 பங்கு பழம் அந்தச் சரிவினுடையதாக இருந்தால் பெயர் போடச் சட்டம் இடம் தருகிறதாம். மீதிப் 15? எனக்கு அது பிடிக்கவில்லை. உன் முதலாளி வேறு பழத்தைத் தொடுவதே இல்லை என்றதும்தான் மனம் ஆறியது.

நீ சொன்னதையெல்லாம் களத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் வெயிலுக்குப் பயந்து சில்வர் ஓக் நட்டு நிழல் கட்டுகிறோம். நீங்களோ பழத்தை மறைக்கும் இலையைக் கிள்ளி வெயிலைக் கூப்பிடுகிறீர்கள். சரிவு தெற்கே பார்த்திருக்க வேண்டும், ஆற்று நீரிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் வேண்டும், பகல் சூட்டைச் சிலேட்டுக்கல் வாங்கிவைத்து இரவில் கொடுக்க வேண்டும். நான் ஒன்றாம் வகுப்பில் எழுதிய அதே சிலேட்டுதானே? கம்பத்துப் பன்னீர்த் திராட்சை பந்தலில் படர்ந்து ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை காய்க்கிறது. உன் கொடி ஒற்றைக் கம்பில் நின்று, ஜூனில் பூத்து, அக்டோபரில் ஒரே ஒரு முறை கொடுக்கிறது. வேலையாட்களுக்கு நேரம் தெரியவேண்டும் என்று அங்கே வேலென் என்ற ஊரின் சரிவில் 1842இல் ஒருவர் சூரியக் கடிகாரம் கட்டினார் என்றாயே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தச் சரிவுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டதாம்.

நிலவறை வேலை எனக்குப் பாதிதான் விளங்கியது. தோலோடு ஊறவிடாமல் அன்றே பிழிந்து, சாற்றைத் தெளியவைத்து, 1,000 லிட்டர் பழைய பீப்பாயில் விடுகிறீர்கள். ஈஸ்ட் போடுவதில்லை, அதுவாக வருகிறது. குளிரில் வாரக்கணக்கில் மெதுவாகப் பொங்குகிறது. சர்க்கரை முழுவதும் தீருமுன் குளிரவைத்து நிறுத்திவிடுகிறீர்கள். மிஞ்சிய இனிப்புதான் அந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அடியில் தங்கும் மண்டியை உடனே தள்ளாமல் மாதக்கணக்கில் அதன்மேலேயே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் ஆச்சரியம். இங்கே மண்டி என்றால் கொட்டுவதற்கு.

எப்போது நிறுத்துவது என்று உன் முதலாளி குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறார் என்றாய். அது எனக்குத் தெரிந்த வித்தை. தொட்டியில் கிடக்கும் காபிக்கொட்டையை ஒரு பிடி அள்ளித் தேய்ப்பேன். வழவழப்பு போய்க் கூழாங்கல் போலச் சரசரத்தால் கழுவ வேண்டும். இந்தக் குளிருக்கு ஒன்றரை நாள் ஆகிறது. அரை நாள் தவறினால் புளிச்ச வாடை.

பாறைக்காடு ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார் மேட்டுக்குக் கீழே, பத்து மணிவரை மூடுபனி விலகாத துண்டு. அங்கே பழம் இரண்டு வாரம் தாமதித்துத்தான் சிவக்கும். அந்தக் காபியில் கமலா ஆரஞ்சு மணக்கிறது என்று பன்னிரண்டு வயதில் நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. வியாபாரி எல்லாவற்றுக்கும் ஒரே விலை போடுகிறார், பிரித்துவைத்து என்ன பயன் என்று முப்பது ஆண்டுகளாக ஒரே களத்தில் கலந்து கொட்டினேன். இந்த முறை கலக்கவில்லை. தனியாகப் பறித்து, தனித் தொட்டியில் போட்டு, களத்தின் கிழக்கு மூலையில் கயிறு கட்டிக் காயவைத்திருக்கிறேன். மூன்று மூட்டை தேறும். ஆட்களுக்கு எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று சந்தேகம். வியாபாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

வரும்போது பழத்தில் சர்க்கரை பார்க்கும் அந்தச் சின்னக் கருவி ஒன்று வாங்கி வா. அது எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லாதே. கையுறை இல்லாமல் கத்தரியைத் தொடாதே.

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று உடனே எழுது. துண்டில் சுற்றி அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா