செஸ்னா 172-என் ஆட்-ஆன் விமானம் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: விமான சிமுலேட்டருக்கான 172-என் ஆட்-ஆன், விளம்பரத்தில் கூறியதற்கு மாறாக இருப்பது, திருத்தம் அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் வெளியிட்டுள்ள செஸ்னா 172-என் ஆட்-ஆன் விமானத்தை (சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் விமானம்), அது அசல் விமானத்தின் கையேட்டு எண்களை ஒட்டியே உருவாக்கப்பட்டது என்று விற்பனைப் பக்கத்தில் தாங்கள் அளித்திருக்கும் உறுதியை நம்பி வாங்கினேன். நான் பயிற்சி பெறுவதும் இதே ரக விமானத்தில்தான் என்பதால், வீட்டிலிருந்தபடியே செய்முறைகளைப் பழகிக்கொள்ள இது உதவும் என எதிர்பார்த்தேன். ஆனால் எனக்குக் கிடைத்திருப்பது 172-என் அன்று. அதன் காக்பிட்டைப் பொருத்திய 172-எஸ் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எஞ்சின் வேறு. 172-என்னில் இருப்பது கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) கொண்ட, 160 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-320. 172-எஸ்ஸில் இருப்பது எரிபொருளைப் பீச்சும் (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) 180 குதிரைத்திறன் ஐஓ-360. அதில் கார்புரேட்டரே கிடையாது.

என் சந்தேகம் தொடங்கியது, கார்புரேட்டரில் பனி படியாமல் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட் குமிழிலிருந்துதான். அசல் விமானத்தில், புறப்பாட்டுக்கு முந்தைய சோதனையின்போது எஞ்சினை 1700 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு அந்தக் குமிழை இழுத்தால், அடர்த்தி குறைந்த சூடான காற்று உள்ளே போவதால் ஆர்பிஎம் (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) காட்டும் முள் உடனே சற்றுக் கீழிறங்கும். குமிழை உள்ளே தள்ளினால் மீண்டும் பழைய இடத்துக்கு ஏறும். அந்த அமைப்பு வேலை செய்கிறது என்பதை விமானி அறிவதே இந்த அசைவைக் கொண்டுதான். தங்கள் ஆட்-ஆனில் குமிழ் அழகாக நகர்கிறது, ஒலியும் கேட்கிறது, ஆனால் முள் துளியும் அசைவதில்லை. ஈரப்பதம் மிகுந்த வானிலையை அமைத்து, த்ராட்டிலைக் குறைத்து, ஹீட் இல்லாமலே நெடுநேரம் கீழிறங்கிப் பார்த்தேன். வெளியே 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி படியக்கூடும் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தரப்படும் பாடம். தங்கள் எஞ்சினோ எந்தத் தடுமாற்றமும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகே எடை, எரிபொருள் திரையைக் கவனித்தேன். 172-என்னின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2300 பவுண்டு. தங்கள் ஆட்-ஆன் 2550 பவுண்டு வரை எந்த எச்சரிக்கையும் இன்றி அனுமதிக்கிறது. 172-என்னின் வழக்கமான தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவு 43 அமெரிக்க கேலன், பெரிய தொட்டிகள் பொருத்தியிருந்தால் 54. திரை காட்டுவதோ 56. இந்த 2550, 56 ஆகிய இரண்டும் 172-எஸ்ஸின் கையேட்டில் உள்ள எண்கள். இவை தற்செயலாகப் பொருந்தியிருக்கும் என்று என்னால் ஏற்க இயலவில்லை. ஆட்-ஆனுடன் தாங்களே இணைத்துள்ள ஆவணத்தில் 2300 என்றும் 43 என்றும் சரியாக அச்சிடப்பட்டிருப்பது என் வருத்தத்தை மேலும் கூட்டுகிறது.

தரையிறங்கும்போது இறக்கையின் பின்பகுதியில் கீழே இறக்கும் ஃப்ளாப்பிலும் இதே நிலைதான். 172-என்னில் ஃப்ளாப்பை 40 டிகிரி வரை இறக்கலாம். 172-எஸ்ஸில் 30 டிகிரியோடு நின்றுவிடும். தங்கள் காக்பிட்டில் நெம்புகோல் 40-ஐத் தொடுகிறது, வெளியே இறக்கையிலும் ஃப்ளாப் கூடுதலாக இறங்குவது தெரிகிறது, ஆனால் 30-க்கும் 40-க்கும் இடையே வேகத்திலோ இறங்கும் விகிதத்திலோ எந்த மாற்றமும் இல்லை. அசல் விமானத்தில் அந்தக் கடைசிப் பத்து டிகிரி பெரும் காற்றிழுவையைத் தருகிறது. அந்த நிலையில் தரையிறங்குவதைக் கைவிட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் மூக்கு வேகமாக மேலெழும். யோக்கை (விமானியின் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) உறுதியாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாப்பை உடனே 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கையேட்டின் நடைமுறை. தங்கள் ஆட்-ஆனில் ஃப்ளாப்பைத் தொடாமலே விமானம் இலகுவாக மேலேறிச் செல்கிறது. மாணவர் ஒருவர் இதைப் பழகிக்கொண்டு அசல் விமானத்தில் ஏறினால், தரைக்கு மிக அருகில், வேகம் குறைந்திருக்கும் நேரத்தில் தவறான எதிர்பார்ப்போடு இருப்பார். இதுவே என் முதன்மையான கவலை.

குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பிக்க உதவும் ப்ரைமர் வெறும் காட்சிப் பொருளாக இருப்பதையும், புறப்பாட்டின்போது வலது ரட்டர் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதி) ஏறக்குறைய தேவைப்படாததையும் இங்கே குறிப்பிட்டு மட்டும் வைக்கிறேன்.

வீட்டு ஜாய்ஸ்டிக்கால் யோக்கின் கனத்தைத் தர முடியாது என்பதையும், திருப்பங்களில் உடல் உணரும் அழுத்தத்தை எந்தத் திரையாலும் தர முடியாது என்பதையும் நான் நன்கு அறிவேன். அவற்றை நான் கேட்கவில்லை. தேய்ந்த பெயிண்ட், மங்கிய எழுத்துகள், கதவின் கைப்பிடி வரை காக்பிட்டை வரைந்திருக்கும் தங்கள் கலைஞர்களின் உழைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். நான் சுட்டிக்காட்டியவை கணினியால் செய்ய முடியாதவை அல்ல. கார்புரேட்டர் பனியையும் எடை வரம்பையும் ஒழுங்காகச் செய்துள்ள ஆட்-ஆன்கள் பல ஆண்டுகளாகவே இருந்துவருகின்றன.

இதுபற்றி முன்பே எழுதியபோது, ஜாய்ஸ்டிக்கின் உணர்திறனைச் சரிபார்க்குமாறும் சிமுலேட்டரின் உதவி அமைப்புகளை அணைக்குமாறும் தங்கள் உதவிப் பிரிவு பதிலளித்தது. உதவிகள் அனைத்தையும் அணைத்த பிறகே மேற்கண்ட சோதனைகளைச் செய்தேன். மேலும், தொட்டியின் கொள்ளளவுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே, எஞ்சின், எடை, எரிபொருள், ஃப்ளாப் ஆகியவற்றை 172-என் கையேட்டின்படி திருத்தி, அத்திருத்தம் வெளியாகும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் நான் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். எதுவாயினும், திருத்தம் வெளியாகும் வரை கையேட்டு எண்கள் பற்றிய வாசகத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்குவதே, இதை நம்பி வாங்கவிருக்கும் பயிற்சி மாணவர்களுக்குத் தாங்கள் செய்யும் நியாயமாகும். சோதனைகளின் திரைப்பதிவுகளையும் வாங்கிய ரசீதையும் இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்