விவசாயிகள் சங்கச் செயலாளர் அறிக்கை: 2024/25 பெரும்போகமும் 2025 சிறுபோகமும்

தலைவர் அவர்களுக்கும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் வயலைப் பற்றிச் சொல்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கத்தின் மழை நம் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் கொட்டியபோது, விதைத்து மூன்று கிழமை ஆகாத பயிர் நீருக்குள் போனது. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. மேல்வட்டையில் வரம்பு தெரியத் தொடங்கிய பிறகும் நம் கீழ்வட்டையில் ஐந்தாம் நாள்வரை கொக்குதான் நின்றது. பயிரைப் பிடித்து இழுத்தால் வேர் கையோடு வந்தது, அழுகல் வாடையோடு. பலர் மறுபடி விதைத்தார்கள்.

நட்டஈட்டுப் படிவத்தில் காரணம் வெள்ளம் என்று எழுதினோம். அது பொய்யில்லை. ஆனால் நமக்குள் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும்: மூன்று போகமாக வடிகாலை ஒருவரும் துப்புரவாக்கவில்லை. வாய்க்கால் வெட்ட வேண்டும் என்றால் மண்வெட்டியோடு ஓடி வருகிறோம். வடிகால் என்றால் அது அடுத்தவன் பாடு.

நாம் கந்தளாய்க் குளத்து வாய்க்காலின் கடைக்கோடிக்காரர். அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது நம் கோயில் மரபு. இரண்டாம் அக்போ மன்னன் என்பார்கள் சிங்களச் சகோதரர்கள். இந்த விவாதத்தை இங்கே தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். யார் கட்டினாலும், அம்பன் கங்கைத் தண்ணீரும் மின்னேரியாப் பக்கமாக அதற்குள் வந்து சேர்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அதன் கட்டு உடைந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பெரியவர்கள் மழை இரவில் இன்னும் குளக்கட்டைப் பற்றியே விசாரிப்பது அதனால்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரிந்த நமக்கு, எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் இல்லை.

அது போவது தம்பலகாமம் களப்புக்கு. ஜனவரியில் வடிகால் சிரமதானத்துக்கு நம்மில் பதினேழு பேர் வந்தோம். களப்பில் மட்டி எடுப்பவர்கள் சிலர், அழைக்காமலே, இரண்டு தோணியோடு வந்தார்கள். சம்பும் ஆகாயத்தாமரையும் வெட்டி இழுக்க இழுக்க, அடியிலிருந்து வெற்றுப் பூச்சிமருந்துப் போத்தல்கள் வந்தன. அவர்களில் வயதான நானா ஒருவர் அவற்றை வரம்பில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார். இரண்டு உரப்பை நிறைந்தது. “தம்பி, நீங்க அடிக்கிற மருந்து எங்கட மட்டிக்குத்தானே வருது” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு காலத்தில் கண்ணாடிச் சிப்பி முத்துக்குப் பெயர்பெற்ற களப்பு அது. வெற்றுப் போத்தல்களைக் களஞ்சிய அறையில் ஒப்படைக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம். இதுவரை ஒப்படைத்தவர்கள் நான்கு பேர்.

பசளை மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாய் என்றார்கள். சிலருக்குப் பயிருக்கு முந்தி வந்தது, சிலருக்குக் கதிருக்குப் பிந்தி. 2025 பெப்ரவரியில் அறிவித்த அரசின் உத்தரவாத விலை ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறுவடை மெஷின் இறக்கிய நெல்லை அந்த அளவுக்குக் காயப்போட நம்மிடம் தளம் இல்லை, தார் ரோட்டின் ஒரு ஓரம்தான் இருக்கிறது. அதனால் பாதிக்கு மேல் வயலிலேயே வியாபாரியின் லொறியில் ஏறியது. காயப்போடும் தளத்துக்கு மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை.

யானை இந்த முறையும் பால்பிடிக்கும் பருவத்தில்தான் வந்தது. காவல்குடிலில் இரவு நின்ற இளைஞர்களுக்கு நன்றி. மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுதும் பயிரை அழிக்கும் குரங்கும் மயிலும் எண்ணினார்கள் அல்லவா? என் வளவு மயில்கள் அன்று 8.10க்கு வந்தன. படிவத்தில் பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தேன்.

சிறுபோகத்தில் தண்ணீர் முறைப்படி வந்தது, சண்டை குறைவு. அதற்கு வட்டவிதானைமாரைப் பாராட்டத்தான் வேண்டும்.

வடிகாலில் பாலத்திலிருந்து களப்பு வரையான துண்டு இன்னும் வெட்டப்படவில்லை. ஐப்பசி மழைக்கு முன் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் கூடுவோம். தோணிக்காரருக்கு இம்முறை நாமே போய்ச் சொல்லியிருக்கிறோம். மண்வெட்டியும் கத்தியும் அவரவர் கொண்டுவர வேண்டும். காலைச் சாப்பாடு சங்கச் செலவு.

செயலாளர்