ஆறாத புண்ணும் தூங்காத கண்ணும்

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் பேனாவைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத உன்னால்தான் முடியும். படித்ததும் போன் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நீ "நல்லாத்தான்டி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். உண்மை வெளியே வருவது கடிதத்தில்தான். அதனால் நானும் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் சேதி. பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. வயிற்றில் நாலு சின்னத் துளை, அவ்வளவுதான். என் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத் தைத்திருந்தார்கள். எனக்கு மறுநாளே இட்லி கொடுத்தார்கள். தோள்பட்டையில் மட்டும் ஒரு குத்தல். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றுகிற வாயுவால் அப்படி வருமாம், அதுவும் போய்விட்டது. தூக்கம்தான் சுத்தமாக இல்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த அம்மாள் சத்தத்தைக் குறைக்காமல் செல்போனில் சீரியல் பார்த்தார். நடுராத்திரி பிரஷர் பார்க்க ஒருவர், விடிவதற்கு முன் ரத்தம் எடுக்க இன்னொருவர், அவர் போனதும் தரை துடைக்க ஒருவர். பகலில் கேட்கவே வேண்டாம், ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகச் சொந்தக்காரர்கள். பித்தப்பை எடுத்தவளுக்கு நெய் சொட்டும் மைசூர்பாகு கொண்டுவந்த புண்ணியவதியும் உண்டு. வந்தவர்கள் எல்லாருமே கிளம்பும்போது, "மனசைத் தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். தைரியத்துக்கு ஒரு குறைவும் இல்லை, கொஞ்சம் தூங்க விட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். வெளியே அடுத்த கட்டடத்தின் சுவரும் அதில் தொங்கிய ஏசி பெட்டிகளும்தான் தெரிந்தன. தூக்கம் வராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ரோஜர் உல்ரிக் என்பவரின் ஆய்வு ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை எடுத்துக்கொண்டவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை அவர் எடுத்துப் பார்த்தார். சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருக்கு வெறும் செங்கல் சுவர். மற்றபடி வயது, உடல்நிலை எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி 23 ஜோடிகளாகப் பிரித்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். முக்கால் நாள் என்ன பெரிய விஷயம் என்பாய். எனக்கு முக்கியமாகப் பட்டது வலி மருந்துக் கணக்கு. மரம் தெரிந்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 1984இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. வெறும் 46 பேர்தான், இதை வைத்துக்கொண்டு பெரிதாகச் சட்டம் பேச முடியாது. இருந்தாலும் மருத்துவமனை கட்டுகிறவர்கள் ஜன்னலை எங்கே வைப்பது என்று கொஞ்சமாவது யோசிக்கலாம் இல்லையா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் நாத்தனார் வந்து, "அண்ணன் மனசு விட்டுட்டார், அதான் கால் புண் ஆறமாட்டேங்குது" என்று அவர் காதுபடவே சொன்னாராம். அன்றிலிருந்து உன் வீட்டுக்காரர், அதாவது நம் அண்ணன், யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். 'காலமெல்லாம் பயாலஜி நடத்தினாயே, மனசுக்கும் புண்ணுக்கும் சம்பந்தம் உண்டா, சொல்லு' என்று கேட்டிருக்கிறாய்.

சம்பந்தம் உண்டு. ஆனால் அதை வைத்து உன் நாத்தனார் கட்டிய தீர்ப்பு தப்பு.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். மனைவி உளவியல், கணவர் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி. மனக்கஷ்டம் உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதை ஆயுள் முழுக்க அளந்து பார்த்தவர்கள். அவர்கள் குழு 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேள். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு மேலண்ணத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சின்னக் காயம் போட்டார்கள். ஒரு தடவை கோடை விடுமுறையில், இன்னொரு தடவை பெரிய பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆள், அதே அளவு காயம். பரீட்சைச் சமயத்தில் ஆறுவதற்கு 40 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. பரீட்சை நேரத்தில் விடுமுறையைப் போல வேகமாக ஆறியவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் சின்ன வயசு, நோய் நொடி இல்லாதவர்கள், அதைப் பார்.

காரணம் மாயமெல்லாம் ஒன்றும் இல்லை. வீடு இடிந்தால் முதலில் கல்லும் மண்ணும் அள்ள ஆள் வர வேண்டும், கொத்தனார் அப்புறம்தான். காயத்திலும் அப்படியே. முதலில் வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்ற வேண்டும், பிறகுதான் புதுச் சதை வளரும். அந்த அணுக்களைக் கூப்பிடுகிற ரசாயனச் சேதிகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். கவலையும் பயமும் நாள்கணக்கில் நீடித்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அது அந்தச் சேதிகளை அடக்கிவிடுகிறது. அண்ணனைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. கார்ட்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். தூக்கம் கெட்டாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, காலையில் சுகர் ஏன் ஏறியது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அண்ணனைக் குறுக்குவிசாரணை செய்வதில் அர்த்தமே இல்லை.

அதே தம்பதி 2005இல் 42 கணவன் மனைவி ஜோடிகளை வைத்துக் கையில் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் குத்திப் பேசிக்கொள்கிற ஜோடிகளுக்கு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவீத வேகத்தில்தான் காயம் ஆறியது. இதை நம் ஊரில் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனவர்களிடம் செய்தால் ஒரு காயமும் ஆறாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆனால் ராஜி, இதே கதை எதிர்ப்பக்கமும் ஓடும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. புண்ணிலும் தொற்றிலும் சுரக்கிற அந்த சைட்டோகைன்கள் மூளைக்கும் போகும். போனால் சோர்வு, பசியின்மை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை எல்லாம் வரும். காய்ச்சல் வந்தால் நாம் போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டுகொள்வது எதனால்? அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில் உன் நாத்தனாரின் வாய்க்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பாதி அந்தப் புண்ணின் வேலையாகவே இருக்கலாம். அவர் மனசு விட்டதால் புண் ஆறவில்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? நோயாளியிடம் போய் "நீ சந்தோஷமா இல்லாததாலதான் உனக்குக் குணமாகலை" என்று சொல்வது அவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. கார்ட்டிசால் அதற்கும் சேர்த்துத்தான் சுரக்கும்.

மனசும் ஓய்வும் இருந்தால் மருந்தே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நம் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. நாம் ஹாஸ்டலில் இருந்தபோது மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிப் போவோமே, அந்தப் பெயர் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. இது எவ்வளவு தூரம் தேவை என்று சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் சோதித்தார்கள். புது மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்து, ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள், மறுபாதியினரைக் குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மட்டம், ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது, உலகம் முழுக்க டி.பி. வைத்தியமே மாறிப்போனது. அதனால் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. யாராவது கஷாயம், களிம்பு, தியானம் என்று அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தால் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடு.

அப்படியானால் ஓய்வு எதற்கு என்றால், அண்ணன் விஷயத்தில் ஓய்வு வேண்டியது முதலில் பாதத்துக்கு. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தார். அவர்கள் சதையே கெட்டுவிட்டது, அதனால்தான் ஆறவில்லை என்று எல்லாரும் நம்பிய காலம். அவர் காலுக்குப் பிளாஸ்டர் கட்டு போட்டு, புண்ணின் மேல் பாரம் விழாமல் செய்தார். புண் ஆறியது. சதை நன்றாகத்தான் இருந்தது. வலி தெரியாததால் அவர்கள் அந்தப் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள், அதுதான் விஷயம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலுக்கும் இது அப்படியே பொருந்தும். 'வலி இல்லை என்கிறார், வாசல் வரை நடந்து பேப்பர் எடுத்துவருகிறார்' என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்தாயே, அந்த நடையைத்தான் நிறுத்த வேண்டும். பாரம் விழாமல் இருக்கக் கட்டோ தனிக் காலணியோ வேண்டுமா என்று டாக்டரிடம் நேராகக் கேள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ, விடியட்டும் என்று காத்திருக்காதே. கால் மட்டும்தான் சும்மா இருக்க வேண்டும், ஆள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாட்டுக் கேட்கட்டும், பேரனோடு செஸ் விளையாடட்டும், கட்டிலைத் திருப்பிப் போட்டால் உங்கள் கொல்லை மாமரமாவது கண்ணில் படும்.

இப்போது உன்னைப் பற்றி. உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, 'தூக்கம் போய் ரொம்ப நாளாச்சு' என்று. ஒஹையோ தம்பதியின் முதல் காய ஆய்வை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1995இல் வந்தது. ஞாபக மறதி நோய் முற்றிய உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்கள் 13 பேர், அப்படிப்பட்ட பாரம் இல்லாத பெண்கள் 13 பேர். எல்லாருக்கும் கையில் ஒரே அளவு காயம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. கவனி, படுக்கையில் இருந்தவர்களை அங்கே யாரும் அளக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அளந்தார்கள். 2015இல் இன்னொரு குழு, ஷெல்டன் கோஹன் என்பவருடையது, 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டாக விட்டுப் பார்த்தது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். உனக்கு இந்த வருஷம் எத்தனை தடவை சளி என்று நீயே எண்ணிப் பார்.

ஆகவே பெங்களூரில் இருக்கும் உன் பையனிடம் பேசு. மாதாமாதம் பணம் அனுப்புகிறான் இல்லையா, அதில் ராத்திரிக்கு ஓர் அட்டெண்டர் வைக்கச் சொல். 'அவர் ஒத்துக்க மாட்டார், வேற ஆள் தொட்டால் பிடிக்காது' என்று ஆரம்பிக்காதே. ராத்திரி பாத்ரூமுக்குக் கைபிடிக்கத்தானே ஆள், கட்டு மாற்றுவதை நீயே செய்துகொள். வருகிறவர்களுக்கு மாலை ஐந்து முதல் ஆறு வரைதான் என்று சொல்லிவிடு. உன் நாத்தனாருக்கும் சேர்த்துத்தான். சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டர் சொன்னார் என்று சொல், எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

மற்றபடி இங்கே எல்லாம் பழையபடிதான். தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், குளத்தைச் சுற்றி வரவே அரை நாள் ஆகிறது. நாகேஸ்வரராவ் பூங்காவில் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறேன், மெதுவாகத்தான். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு காய்கறிப் பை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டேன். தடை நீங்கினாலும் அவரிடம் சொல்வதாக இல்லை.

பொங்கலுக்கு முன்னால் ராக்ஃபோர்ட் ரயிலில் டிக்கெட் கிடைத்தால் வந்து உன்னோடு ஒரு வாரம் இருக்கிறேன். ராத்திரி டியூட்டி எனக்கு, நீ மாடியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. இன்னொன்று, எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மரத்துப்போன பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, எழுதிக்கொடுக்கிறாரா என்று டாக்டரிடம் கேள். சொன்னார் என்றால் அண்ணனின் நல்ல காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இங்கே அளவெடுத்துச் செய்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும். மற்றக் காலை நான் வந்து வரைந்துகொள்கிறேன், அதற்காக அவரை எழுப்பி நிற்க வைக்காதே.

அன்புடன்,
வசந்தா