ஒலித்தொகுப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒலித்தொகுப்புப் படிப்பில் சேர வரும் பார்வையற்ற மாணவர்களுக்கு உங்களில் பலர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "இது முழுக்கத் திரையைப் பார்த்துச் செய்யும் வேலை தம்பி, உங்களுக்குச் சரிப்படாது." ஒரு நிறுவனத்தில் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. காதால் செய்யும் தொழிலுக்குக் கண்ணைத் தகுதியாக வைத்தவர்களிடம் அன்று வாதாடவில்லை. இன்று ஒலிநூல்களையும் நேர்காணல்களையும் தொகுத்துத்தான் பிழைக்கிறேன். ஆகவே இப்போது வாதாடுகிறேன்.

பேட்டியின் நடுவே ஒருவர் இருமிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பேஸ் விசையை அழுத்தி ஒலியை ஓடவிடுகிறேன். இருமல் தொடங்கும்போது இடது சதுர அடைப்புக்குறி, முடிந்ததும் வலது சதுர அடைப்புக்குறி. பகுதி தேர்வாகிவிட்டது. உடனே அழிப்பதில்லை. 'சி' விசையை அழுத்தினால், அந்த இருமல் இல்லாமல் முன்னும் பின்னும் ஒட்டி எப்படிக் கேட்கும் என்று மென்பொருளே ஒலித்துக் காட்டும். மூச்சு பாதியில் அறுந்தால் ஷிஃப்ட்டுடன் அம்புக்குறி விசைகளை அழுத்தி எல்லையைச் சற்றே நகர்த்துவேன். 'இசட்' விசை, ஒலி அலையின் அளவு பூச்சியத்தைக் கடக்கும் புள்ளிக்கு எல்லைகளைக் கொண்டுபோகும். அதனால் வெட்டிய இடத்தில் 'டிக்' என்ற சத்தம் பெரும்பாலும் வராது. பிறகுதான் டெலிட். இதில் மவுஸுக்கு எங்கே வேலை?

ஒலியைத் திரையில் மேடு பள்ளமாகக் காட்டும் அலைவடிவத்தை மட்டும் நம்பி வெட்டிய கோப்புகள் திருத்தத்துக்காக என்னிடம் வருவதுண்டு. 'வந்தேன்', 'சொன்னோம்' போன்ற சொற்களின் கடைசி மெல்லினம் தேய்ந்து முடியும்போது திரையில் ஏறக்குறைய தட்டைக் கோடாகத் தெரியுமாம். அமைதி என்று நினைத்து அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். பேசியவர் வாயை யாரோ பொத்தியதுபோல் இருக்கும்.

குரல், இசை என்று தனித்தனியாகப் பதிவான பல தடங்களைக் கலக்கும் வேலைக்கு ரீப்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. அதற்கு ஓசாரா என்ற இலவச இணைப்பை உருவாக்கத் தொடங்கியவர், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் டே. அவரும் பார்வையற்றவர்தான். எந்தத் தடத்தில் நிற்கிறோம், ஒலியளவு எத்தனை டெசிபல் என்பதையெல்லாம் ஓசாரா திரைவாசிப்பான் வழியே சொல்லிவிடும். நாம் வைத்த அளவை ஒலி தாண்டினால் அதையும் அறிவிக்கும்.

சிக்கலே இல்லை என்று சொல்லமாட்டேன். திரைவாசிப்பானின் குரலும் தொகுக்கும் ஒலியும் ஒரே ஹெட்போனில் மோதிக்கொள்ளும். என்விடிஏ 2024.2 பதிப்பு முதல், குரலை ஒரு காதுக்கும் மற்ற ஒலிகளை மறு காதுக்கும் பிரித்து அனுப்பலாம். பேச்சைத் தொகுக்க அது போதும். இரு காதாலும் கேட்க வேண்டிய ஸ்டீரியோ கலவையை மதிப்பிட உதவாது. அதற்குத் திரைவாசிப்பானை வேறொரு சவுண்ட் கார்டு வழியே தனியாக அனுப்ப வேண்டும். யுஎஸ்பியில் சொருகும் மலிவான ஒன்றே போதுமானது. உங்கள் ஆய்வகத்தில் ஒரு மைக்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இருக்காது.

வகுப்பில் "இதோ, இந்த மேடு தெரிகிறதா, இதைப் பிடித்து இழுங்கள்" என்று சொல்வதை நிறுத்துங்கள். "இரண்டாவது நிமிடம், பதினான்காவது விநாடி, ஆறு டெசிபல் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் திரை தெரியாமல் அமர்ந்திருப்பவருக்கும் அது புரியும். ஆய்வகக் கணினிகளில் என்விடிஏவை நிறுவுங்கள், அது இலவசம். உங்கள் மென்பொருளின் பொத்தான்களைத் திரைவாசிப்பான் வெறும் "பட்டன், பட்டன்" என்றே வாசித்தால், அந்த மாணவரை ரீப்பரில் வேலை செய்ய விடுங்கள். தேர்வில், தொகுத்து முடித்த ஒலிக்கோப்புக்கு மதிப்பெண் போடுங்கள், திரையில் அது இருக்கும் அழகுக்கு அல்ல.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றி மாணவர்களைச் சேர்த்து, அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்பதுதான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் நோக்கம்.

அடுத்த சேர்க்கையின்போது பார்வையற்ற ஒருவர் வந்தால், அவரிடம் ஒரு மடிக்கணினியையும் பத்து நிமிடப் பேட்டியையும் கொடுத்து, அதை ஐந்து நிமிடமாகச் சுருக்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஒலித்தொகுப்பாளர் ஒருவர்